நாக்டுவா என்எச்-யூ12எஸ்: இரண்டு ஸ்குருக்களின் அருமை

நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். வீட்டில் ஒரு சிறிய அறைதான் என் பதிவுக்கூடம். பேசிப் பதிவு செய்வது, பிசிறுகளை வெட்டுவது, இரைச்சலை நீக்குவது எல்லாமே ஒரே டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் நடக்கும். மைக்குக்கும் கேபினெட்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். ஃபேன் ஒரே வேகத்தில் மெல்ல ஓடினால் அந்த இரைச்சலை மென்பொருளால் கழித்துவிடலாம். ஏறி இறங்கினால் முடியாது. அதைக் கழிக்கப் போனால் குரலும் சேர்ந்து தேய்ந்துபோகும். புராசசரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் ஒரு தகட்டு அடுக்கைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத எனக்கு இருக்கும் காரணம் இதுதான்.

நாக்டுவா என்எச்-யூ12எஸ் கூலரைக் கிட்டத்தட்ட ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். முதலில் ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் புராசசர் உட்காரும் இடம்) ஏஎம்டியின் ரைசன் 5 3600 புராசசரின் மேல் இருந்தது. இப்போது அதே கூலர் ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 7 7700 மேல் இருக்கிறது. இரண்டு முறையும் நானே மாட்டினேன். தகடு எத்தனை, காற்று எவ்வளவு என்பதையெல்லாம் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். நான் ஒரு கூலரை வாங்கும் முன் முதலில் பார்ப்பது அது மதர்போர்டை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைத்தான். இந்தப் பழக்கம் இதற்கு முன்னால் இருந்த கூலரால் வந்தது.

அந்தக் கூலரின் பெயர் வேண்டாம். நான்கு மூலைக்கு நான்கு ஸ்குரு. எவ்வளவு இறுக்கினால் போதும் என்று தெரிவிக்க அதில் எதுவும் கிடையாது. கை வலிக்கும் வரை திருகலாம். அப்போது எனக்கு விஷயம் தெரியாது. முதல் ஸ்குருவை முழுக்க இறுக்கிவிட்டு, அப்புறம் பக்கத்தில் இருந்ததை, அப்புறம் அடுத்ததை என்று வரிசையாகப் போனேன். கம்ப்யூட்டர் ஓடியது. சும்மா இருக்கும்போது 45 டிகிரி, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு அத்தியாயத்துக்கு இரைச்சல் நீக்கத்தைத் தொடங்கியதும் ஓரிரு விநாடியில் 88, கொஞ்ச நேரத்தில் 92. நிறுத்தினால் அதே வேகத்தில் கீழே விழும்.

இந்தத் துள்ளல்தான் அடையாளம். ரைசன் புராசசர்களில் பத்துப் பதினைந்து டிகிரி சட்டென்று ஏறி இறங்குவது சகஜம், அதற்குப் பதறத் தேவையில்லை. ஆனால் கூலர் ஒழுங்காக ஒட்டியிருந்தால் அதற்கு மேல் உள்ள ஏற்றம் நிதானமாக நடக்கும். உலோகம் முழுவதும் சூடாக வேண்டுமே, அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். ஒரே பாய்ச்சலில் நாற்பது டிகிரிக்கு மேல் ஏறினால், வெப்பம் கூலருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். அப்போது கூலரின் தகடுகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். புராசசர் 92 டிகிரியில் இருக்கும்போது அவை வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

கழற்றியபோது இன்னொரு தவறு செய்தேன். கம்ப்யூட்டர் இரவு முழுக்க அணைந்து கிடந்தது. காலையில் ஸ்குருக்களைக் கழற்றிவிட்டுக் கூலரை நேராக மேலே இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்ததும் டக்கென்று வந்தது, புராசசரையும் அடியில் ஒட்டிக்கொண்டு. சாக்கெட்டின் கம்பிப் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

ஏஎம்4 சாக்கெட்டில் இது நடக்கக்கூடியதுதான். அந்த வகைப் புராசசர்களின் அடியில் 1331 பின்கள் இருக்கின்றன. பூட்டு அந்தப் பின்களைப் பக்கவாட்டில்தான் கவ்வுகிறது. புராசசரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் எதுவும் அதில் இல்லை. புராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டோ ஆறினால் பசை மாதிரி இறுகிவிடும். இரண்டில் எந்தப் பிடி பலமோ அது ஜெயிக்கும்.

மூலையில் ஒரு வரிசையில் மூன்று பின்கள் சாய்ந்திருந்தன. மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது: நேராக நிற்கும் பின்களின் நிழல்கள் கோடு போட்டதுபோல் விழ, அந்த மூன்றின் நிழல் மட்டும் கோணலாகக் கிடந்தது. மெல்லிய கத்தித் தகட்டை இரண்டு வரிசைக்கு நடுவே நுழைத்து, சாய்ந்த பின்னை மயிரிழை அளவு தள்ளுவேன், எடுத்துவிட்டு நிழலைப் பார்ப்பேன், மறுபடி தள்ளுவேன். ஒரு பின்னை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிந்துவிடும், அதனால் ஒரே திசையில்தான் தள்ள வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் சாக்கெட்டின் மேல் வைத்ததும் விரல் படாமலே தன் எடையில் உள்ளே இறங்கியது. அப்படி இறங்கினால்தான் பின்கள் சரியாக இருக்கின்றன. இறங்கவில்லையென்றால் ஒருபோதும் அழுத்தாதீர்கள், எடுத்து மறுபடி பாருங்கள்.

இப்போதெல்லாம் கழற்றும் முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையை ஓட விடுகிறேன். சூட்டில் பேஸ்ட் இளகும். அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஸ்குருக்களை மாற்றி மாற்றித் தளர்த்திவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பிடி விடுவது கையிலேயே தெரியும். அதற்குப் பிறகே தூக்க வேண்டும். இன்டெலின் எல்ஜிஏ சாக்கெட்டுகளிலும் ஏஎம்5இலும் புராசசரை ஒரு உலோகச் சட்டம் மேலிருந்து அழுத்திப் பிடிப்பதால் இப்படிக் கூடவே வந்துவிடாது. அவற்றில் பின்கள் சாக்கெட்டுக்குள் இருக்கின்றன, ஏஎம்4 பின்களைவிட மிக மென்மையானவை. புராசசர் இல்லாத நேரத்தில் அதற்குள் ஒரு ஸ்குரு விழுந்தால் போதும், வேலை முடிந்தது.

அந்தப் பழைய கூலரின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. முதலில் இறுக்கிய மூலையில் பேஸ்ட் கிட்டத்தட்டக் காணாமல் போய், உலோகம் பளபளத்தது. எதிர் மூலையில் நான் வைத்த பேஸ்ட் பரவாமல் தடித்த மேடாகவே இருந்தது. கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.026 வாட்தான், செம்புக்கு 400 வாட்டை ஒட்டி. பேஸ்ட் இந்த இரண்டுக்கும் இடையில், அதுவும் ஒற்றை இலக்க அளவில். அதன் வேலை கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டும்தான். உலோகத்தோடு உலோகம் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. தடித்த பேஸ்ட் ஒரு போர்வை.

சரி, யூ12எஸ்ஸைத் தேர்ந்தெடுத்த கதைக்கு வருகிறேன். முதலில் என் கண்ணில் பட்டது அதே நிறுவனத்தின் என்எச்-டி15. தகடுகள் இரட்டைக் கோபுரமாக நிற்கும், இரண்டு 140 மி.மீ. ஃபேன், மொத்தம் 1320 கிராம். உயரம் 165 மி.மீ. என் கேபினெட் 160 மி.மீ. வரைதான் தாங்கும். புராசசரின் மேற்பரப்பிலிருந்து பக்கக் கதவு வரை உள்ள அந்த அளவைக் கேபினெட்டின் விவரத் தாளில் போட்டிருப்பார்கள். யூ12எஸ்ஸின் உயரம் 158. கதவை மூடியபோது இரண்டு மி.மீ. இடைவெளி மிஞ்சியது. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ரேம். கோபுரம் பருமனாக இருந்தால் அதன் ஃபேன் ரேம் துளைகளின் மேல் வந்து நிற்கும். தலையில் அலங்காரத் தகடு வைத்த உயரமான ரேம் இடிக்கும். யூ12எஸ் ஒல்லி. ஃபேனையும் சேர்த்து ஆழம் 71 மி.மீ. என் போர்டில் நான்கு ரேம் துளைகளும் திறந்தே இருக்கின்றன. கூலரைத் தொடாமல் ரேமை மாற்ற முடிகிறது.

பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்பதும் முக்கியம். ரைசன் 5 3600 பெட்டியில் 65 வாட் என்றிருக்கும், ஆனால் உழைக்கும்போது 88 வாட் வரை எடுக்க அதற்கு அனுமதி உண்டு. 7700க்கும் அதே கணக்கு. 7700எக்ஸ் 105 வாட் என்று சொல்லிக்கொண்டு 142 வரை போகும். இன்டெல் கோர் ஐ9-13900கே 125 வாட்டில் தொடங்கி 253 வரை இழுக்கும். ஐந்து ஹீட் பைப்பும் (வெப்பத்தைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் குழாய்) ஒற்றை 120 மி.மீ. ஃபேனும் உள்ள யூ12எஸ், 88 வாட்டை அமைதியாகச் சமாளிக்கும், 142ஐக் கொஞ்சம் சத்தத்தோடு சமாளிக்கும். 253 வாட் புராசசருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குளிர்ச்சி மட்டும்தான் வேண்டும் என்றால் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ முந்தும். இரட்டைக் கோபுரம், ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன், உயரம் 155 மி.மீ. தான். ஆனால் பருமன் அதிகம். ரேமை அளந்துவிட்டு வாங்குங்கள்.

இனி இதன் பிடிமானம். ஏஎம்4 போர்டில் சாக்கெட்டின் இருபுறமும் இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்குருக்களும் போர்டின் பின்னால் உள்ள பேக்பிளேட்டில்தான் போய்ச் சேர்கின்றன. நான்கையும் கழற்றிய நொடியில் பேக்பிளேட் கழன்று பின்னால் விழுந்துவிடும், அதைப் பிடிக்க வேறெதுவும் இல்லை. யூ12எஸ் அந்தப் பேக்பிளேட்டையே பயன்படுத்துவதால் அதைத் தவற விடக் கூடாது. கேபினெட்டின் பின்புறத் துளை வழியாகத் தம்பி இரண்டு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, விட்டுடலாமா?"

"இருடா, எதிரெதிரா ரெண்டு ஸ்குரு போகட்டும்."

இரண்டு போனதும் அது தானாக நின்றது. நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் குழாய்போன்ற தாங்கிகள், அவற்றின் மேல் இரண்டு உலோகப் பட்டைகள், மேலிருந்து நான்கு நீண்ட ஸ்குருக்கள். பட்டையின் வளைவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்த நான்கு ஸ்குருவும் இறுகும்போது புராசசரின் மேல் எந்த அழுத்தமும் இல்லை, ஏனென்றால் கூலர் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். முரட்டுத்தனமாகச் செய்ய வேண்டிய வேலை முதலிலேயே முடிந்துவிடுகிறது. மதர்போர்டின் மேல் சாய்ந்து, ஒரு கையில் கனமான கூலரைத் தாங்கியபடி மறு கையால் ஸ்குரு தேடும் நிலையே வராது.

ஏஎம்5க்கு மாறியபோது இன்னும் சுலபமாக இருந்தது. அதில் பேக்பிளேட்டைச் சாக்கெட்டின் சட்டமும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருப்பதால் விழாது, தம்பியைக் கூப்பிடவில்லை. துளைகளின் இடைவெளி ஏஎம்4இல் இருந்தது போலவே இருப்பதால் அதே பட்டைகள், அதே ஸ்குருக்கள் அப்படியே பொருந்தின. இன்டெலில் கதை வேறு. எல்ஜிஏ 1200 வரை 75 மி.மீ. இடைவெளியில் இருந்த துளைகள் எல்ஜிஏ 1700இல் 78 மி.மீ. ஆகிவிட்டன, புராசசர் நிற்கும் உயரமும் சற்றுக் குறைந்தது. பழைய கூலரை அதில் மாட்ட வேண்டுமானால் அதற்கான கிட் தனியாக வேண்டும். வாங்கிய ரசீதைக் காட்டினால் நாக்டுவா பல கூலர்களுக்கு அந்தக் கிட்டை இலவசமாகவே அனுப்புகிறது.

புராசசரின் முகத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்தேன். பழைய பேஸ்ட்டின் சாம்பல் கறை துணியில் வராமல் போகும் வரை. கூலரின் அடியையும் அப்படியே. ஏஎம்5 புராசசரின் மூடியில் ஓரங்களில் வெட்டுகள் இருக்கின்றன, அந்த வெட்டுகளுக்குள் மிகச் சிறிய கெப்பாசிட்டர்கள் தெரியும். அதிகமாகப் பேஸ்ட் வைத்தால் வழிந்து அங்கே போய் உட்காரும். சாதாரணப் பேஸ்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஆபத்தில்லை, ஆனால் துடைத்தெடுக்கப் பல் குச்சியோடு உட்கார வேண்டியிருக்கும். கூடவே வரும் என்டி-எச்1 பேஸ்ட்டை நடுவில் பட்டாணியைவிடச் சிறிய ஒரு பொட்டாக வைத்தேன். கையால் பரப்பவில்லை, அழுத்தமே பரப்பிக்கொள்ளும். திரவ உலோகம் என்று விற்கும் பொருளின் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. அது மின்சாரத்தைக் கடத்தும். அதில் உள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு சொட்டு போர்டில் சிந்தினாலும் பெரிய நஷ்டம்.

பல கூலர்களின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். வைக்கும் முன் அதை உரித்தாயிற்றா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அனுபவசாலிகளே மறந்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த இரண்டு ஸ்குருக்கள். ஸ்பிரிங் போட்டவை, கூலரோடேயே இணைந்தவை, கீழே விழாதவை. கூலரை நேராக இறக்கி வைத்து, முதல் ஸ்குருவை மரை கவ்வும் அளவுக்கு மட்டும், இரண்டு சுற்று. அடுத்ததற்கும் இரண்டு சுற்று. மறுபடி முதலாவது. இப்படி மாறி மாறி. ஸ்பிரிங் அமுங்க அமுங்கக் கையில் எதிர்ப்பு கூடும். பிறகு ஒரு இடத்தில் சட்டென்று நின்றுவிடும். மெல்ல இறுகுவதல்ல, சுவரில் முட்டியதுபோல் நிற்பது. மரை அதற்கு மேல் இல்லை. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைத் தயாரித்தவர்களே ஸ்பிரிங்கின் நீளத்தில் முடிவு செய்து வைத்துவிட்டார்கள். என் கை பலத்துக்கு அதில் வேலையில்லை. பழைய கூலரோடு பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த நிற்கும் இடத்தை முதன்முறை உணர்ந்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. நான்கு ஸ்குரு உள்ள கூலர் உங்களிடம் இருந்தால் குறுக்கும் நெடுக்குமாக, எதிர் மூலைகளில், இரண்டிரண்டு சுற்றாகப் போங்கள்.

ஃபேன் கடைசியில். ஸ்குருக்கள் நடுவில் இருப்பதால் ஃபேனை முன்னதாக மாட்டினால் திருப்புளி நுழையாது. காற்று ஃபேனின் திறந்த முகத்தில் நுழைந்து, குறுக்குச் சட்டங்கள் உள்ள முகம் வழியாக வெளியேறும். அந்தச் சட்ட முகம் தகடுகளைப் பார்த்தபடியும், கேபினெட்டின் பின்புற ஃபேனை நோக்கியும் இருக்க வேண்டும். எந்தக் கோபுரக் கூலரானாலும் கம்பிக் கிளிப்பை மாட்டும்போது அது நழுவித் தகட்டில் கீறலாம். கிளிப்பின் கீழ்ப்பகுதியை முதலில் பிடிக்க வைத்து, கட்டைவிரலால் மேலே அழுத்தினால் அடங்கும். நான்கு பின் கம்பியைப் போர்டில் சிபியூ ஃபேன் என்று குறித்த இடத்தில்தான் செருக வேண்டும். வேறிடத்தில் செருகினால் பெரும்பாலான போர்டுகள் திரையில் ஃபேன் கோளாறு என்று சொல்லி நின்றுவிடும்.

3600இல் அதே இரைச்சல் நீக்க வேலைக்கு 92 டிகிரியிலிருந்து 71க்கு இறங்கியது. அறையின் வெப்பம் இரண்டு முறையும் 29ஐ ஒட்டி. மதர்போர்டும் புராசசரும் மாறவில்லை. இந்த 21 டிகிரியில் கூலரின் தரத்துக்கு ஒரு பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் பழைய கூலரை ஆர்வத்துக்காக மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை எதிரெதிராக ஸ்குரு இறுக்கி மாட்டிப் பார்த்தேன்: 78. ஆக, 14 டிகிரி என் கை செய்த கோளாறு; கூலரை மாற்றியதால் கிடைத்தது 7.

இப்போது 7700இல், புராசசரை முழுக்க உழைக்க வைக்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடினால் 74 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றின் உச்ச வரம்பு 95, எக்ஸ் மாடல்களில் சில அந்த 95ஐத் தொட்டே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அங்கே எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் கவலை எப்போதும் சத்தம்தான். ஃபேன் நிமிடத்துக்கு 1500 சுற்று வரை போகும். கூடவே வரும் சிறிய தடைக் கம்பியைச் சேர்த்தால் 1200. நான் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) 60 டிகிரி வரை 600 சுற்று என்று வைத்து, வேகம் ஏறும் முன் சில விநாடி பொறுக்கும்படியும் அமைத்தேன். புராசசர் துள்ளும்போதெல்லாம் ஃபேனும் துள்ளுவது அதோடு நின்றது. பதிவில் ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைத்துத் தேடினாலும் ஏறி இறங்கும் ஒலி இல்லை.

நிறம் பழுப்பு. எனக்கு உறுத்தவில்லை, என் கேபினெட்டில் கண்ணாடிக் கதவு கிடையாது. உறுத்துகிறவர்களுக்கு முழுக் கறுப்பில் குரோமாக்ஸ் பதிப்பு இருக்கிறது. ஆறு வருட வாரன்டி. தூசி தட்டும்போது மட்டும் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்; காற்றின் வேகத்தில் அதைச் சுழல விடுவது பேரிங்குக்கு நல்லதில்லை.

போன வருடம் வீடு மாறினோம். ஃபேனோடு சேர்த்து 755 கிராம், பக்கவாட்டில் தொங்கும் எடை. வண்டி குலுங்கும்போது அது போர்டை இழுக்கும் என்று பயந்தேன். கேபினெட்டைப் படுக்கவைத்து, கூலர் வானத்தைப் பார்க்கும்படி, மடியில் தலையணை போட்டுக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்து போனேன். புது அறையில் கதவைத் திறந்து திருப்புளியை வைத்துப் பார்த்தால் இரண்டு ஸ்குருவும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தன. கம்பியைச் செருகிச் சினிபெஞ்சை ஓட விட்டேன். பத்தாவது நிமிடம், 74.